பிளேடு மிஸ்ஸுக்கு விசா

மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிளேடு மிஸ். தன் நாக்கின் கூர்மையைப் பார்த்துத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. மாணவர்கள் வைத்ததோ வேறு அர்த்தத்தில். ஆங்கில வினைச்சொல்லின் காலங்களைப் பற்றி மிஸ் பேச ஆரம்பித்தால் மின்விசிறிகூடக் கொட்டாவி விடும் என்பது அவர்கள் கட்சி.

வெளிநாடு போகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் மையம் அது. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கட்டடத்தில் கீழே செருப்புக் கடை, மேலே பல் டாக்டர், நடுமாடியில் ஆங்கிலம். டிரில் சத்தம் மேலிருந்து இறங்கும்போது கேட்டல் பயிற்சியை நிறுத்திவைக்க வேண்டும். கல்லூரி முடித்த கையோடு அங்கே சேர்ந்தவள், இப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் படித்த நர்ஸுகளும் வெல்டர்களும் கணக்கர்களும் திசைக்கொருவராகப் பறந்துவிட்டார்கள். அவள் மட்டும் கண்டக்டர் மாதிரி, எல்லாரையும் இறக்கிவிட்டுவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தாள்.

மையத்தின் முதலாளிக்கு அவள் வைத்த பெயர் அக்ஸென்ட். அவர் எங்கோ போகிற வழியில் விமானம் தாமதமாகி ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் தங்க நேர்ந்ததாம். திரும்பி வந்தபோது வாயில் வேறொரு உச்சரிப்பைக் கொண்டுவந்திருந்தார். 'வாட்டர்' அன்றிலிருந்து 'வாரர்' ஆனது. அதற்குப் பிறகு மனிதர் தாகம் எடுத்தால்கூட நாலு பேர் காதில் விழுகிற மாதிரிதான் தண்ணீர் கேட்பார்.

ஒருநாள் அக்ஸென்ட், முதுகில் பெரிய பை சுமந்த ஓர் இளைஞனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஊர் சுற்ற வந்தவன். தங்கும் விடுதியில் பார்த்துப் பிடித்திருக்கிறார்.

"மிஸ், இனிமே ஸ்பீக்கிங் கிளாஸ் இவர் எடுப்பார். நேட்டிவ் ஸ்பீக்கர்."

மிஸ் அவனிடம் நாலு கேள்வி கேட்டாள். அவன் பிறந்த நாட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்களை விளக்கு வைத்துத்தான் தேட வேண்டும். அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் "ஐ ஆம் அக்ரீ, ஐ ஆம் அக்ரீ" என்று சந்தோஷமாகத் தலையாட்டினான். நல்ல பிள்ளைதான். ஆனால் 'ஐ அக்ரீ' என்றால் போதுமான இடத்தில் நடுவே வந்த அந்த 'ஆம்' அவள் காதில் கல்லாக விழுந்தது. அக்ஸென்டைத் தனியே கூப்பிட்டாள்.

"சார், இவன் எந்த ஊர் நேட்டிவ்?"

"என்ன மிஸ் இப்படிக் கேக்குறீங்க? ஆளு வெளுப்பா இருக்காரில்ல?"

"வெளுப்பா சுவரும்தான் இருக்கு. அதை வச்சுப் பாடம் எடுக்கலாமே."

"கோவப்படாதீங்க. அவர் முன்னாடி ஹால்ல பேசட்டும். அவர் பேசுறதுல ஏதாவது தப்பு இருந்தா, நீங்க பின்னாடி ரூம்ல வச்சுப் பசங்களுக்குத் திருத்திவிட்டுடுங்க."

மறுவாரமே கட்டடத்தின் முகப்பில் அந்த இளைஞனின் படம் ஆளுயரத்தைவிடப் பெரிதாகச் சிரித்தது. மிஸ் அவனுக்கு மூட்டை என்று பெயர் வைத்தாள். பின்னறை என்பது முன்பு பழைய நாற்காலிகள் போட்டுவைத்த இடம். இப்போதும் நாற்காலிகள் அங்கேயேதான் இருந்தன, கூடுதலாக மிஸ்ஸும் இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நர்ஸ் போனில் அழைத்தாள். பழைய மாணவி. எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தும் 'த்ரீ' என்பதை 'ட்ரீ' என்றே சொன்னவள். 'நீ மூணு நோயாளின்னு சொன்னா அவங்க மரத்துக்கு ஊசி போடப் போறாங்க' என்று வகுப்பு முழுக்கச் சிரிக்கும்படி மிஸ் அவளைச் சொல்லியிருக்கிறாள். இப்போது குளிர் நாடொன்றில் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள்.

"மிஸ், இங்க ஒரு விசா இருக்கு. கையில வேலை இல்லாமலே வரலாம். வந்து உக்காந்து தேடிக்கலாம். வேலை கிடைச்சா அப்படியே இருந்துடலாம். இங்க குழந்தைங்கள்ல இருந்து பெரியவங்க வரைக்கும் இங்கிலீஷ் கத்துக்குறாங்க. ஆளே பத்தலை."

"வேலை தேடறதுக்கு ஒரு விசாவா? இங்க வீதிவீதியா இலவசமாத் தேடுறாங்களே!"

சிரித்துத் தள்ளிவிட்டுத்தான் போனை வைத்தாள். ஆனால் அன்று மாலை பின்னறையில், 'ஐ ஆம் அக்ரீ' என்று எழுதிக் கொடுத்திருந்த ஒரு வெல்டரிடம் அது தப்பு என்று சொன்னபோது, அவர், "முன்னாடி இருக்கிற சார் அப்படித்தானே மிஸ் சொல்றாரு. அவருக்குத் தெரியாததா?" என்று பரிதாபமாக அவளைப் பார்த்தார். அந்தப் பரிதாபம்தான் அவளைக் கிளப்பிவிட்டது. கோபமாகக் கேட்டிருந்தால் அவள் அங்கேயே இன்னொரு இருபது வருஷம் இருந்திருப்பாள்.

வீட்டில் விஷயத்தை எடுத்தாள். வீடு என்பது அண்ணன் வீடு. அப்பா அம்மா போன பிறகு, உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அண்ணனும் அண்ணியும் அவர்களின் இரண்டு பெண்களும், கோடியறையில் இவளும். அண்ணனுக்கு உலகத்தில் உள்ள எல்லாச் சங்கதியும் ஒன்று வண்டி, இல்லாவிட்டால் வண்டியின் பாகம்.

"வேலை தேடப் போறியா? அங்க போயா? இந்த வயசுல இன்ஜின் மாத்துவாங்களா யாராவது?"

"இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. நிறுத்தி வச்ச இடம்தான் சரியில்லை."

"கல்யாணத்துக்குன்னு சேர்த்து வச்ச பணத்தை பேங்க்ல காட்டி விசா வாங்கப் போறாளாம்" என்று அண்ணன் கூரையைப் பார்த்துச் சொன்னான். பத்து வருஷமாக அந்தக் கல்யாணத்தைப் பற்றி அவன் மூச்சே விட்டதில்லை. பணம் கிளம்பப் போகிறது என்றதும் மாப்பிள்ளை ஞாபகம் வந்துவிட்டது. அண்ணி காய் நறுக்குகிற வேகம் மட்டும் கொஞ்சம் கூடியது. அது சந்தோஷமா வருத்தமா என்று கண்டுபிடிக்க மிஸ் மெனக்கெடவில்லை.

அடுத்து விசா டாக்டர். பலகையிலேயே அப்படித்தான் போட்டிருந்தார்: விசா டாக்டர். சுழல் நாற்காலி, மேஜை மேல் பிளாஸ்டிக் உருண்டை பூமி, சுவரெல்லாம் கையசைக்கும் குடும்பங்களின் படங்கள். ஏசிக் காற்று நேராக வாடிக்கையாளர் முகத்தில் அடிக்கும்படி வைத்திருந்தார். குளிர் நாட்டுக்கு இப்போதே பழகிக்கொள்ளட்டும் என்றிருக்கலாம். அவள் சான்றிதழ்களை விசிறி மாதிரி பிரித்துப் பார்த்தார்.

"புரொஃபைல் ஸ்ட்ராங் மேடம்."

அவளுக்கு முன்னால் போன ஆளிடமும் அதையேதான் சொன்னார். அதற்கு முன்னால் வந்தவரிடமும். அந்த அறையில் பலவீனமான மனிதரே கிடையாது போலிருந்தது.

"ஆனா இந்த இங்கிலீஷ் டீச்சர்ங்கிறது கொஞ்சம் வீக். சாஃப்ட்வேர் டிரெயினர்னு போட்டுடலாம்."

"எனக்கு சாஃப்ட்வேர் தெரியாதே."

"அங்க போய்த் தெரிஞ்சுக்கலாம். தேடத்தானே போறீங்க?"

பிறகு, நான் ஏன் உங்கள் நாட்டுக்கு வர விரும்புகிறேன் என்று எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதிவைத்திருந்த கடிதத்தை நீட்டினார். அதில் முதல் வரியிலேயே எழுவாய் ஒரு பக்கமும் வினை ஒரு பக்கமும் முறைத்துக்கொண்டு நின்றன. அவளுடைய கை தன்னால் பேனாவைத் தேடியது. விசா டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடித்துத் திருத்தி, ஓரத்தில் மதிப்பெண்ணும் போட்டுக் கொடுத்தாள்.

"மேடம், இந்த லெட்டர்ல எத்தனை பேர் போயிருக்காங்க தெரியுமா?"

"தெரியுது. எத்தனை பேர் திரும்பி வந்தாங்கன்னும் தெரியுது."

எல்லாவற்றையும் தானே செய்வது என்று முடிவு கட்டினாள். பல்கலைக்கழகத்தில் பட்டத்தைச் சரிபார்த்து முத்திரை வாங்கப் போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த எழுத்தர், பட்டத்தில் இனிஷியல் முன்னால் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் பின்னால் இருக்கிறது, இரண்டு பேரும் ஒரே ஆள்தானா என்று கேட்டார். "நானே பல நாள் சந்தேகப்பட்டிருக்கேன் சார்" என்றாள். நகைச்சுவைக்கு அந்த அலுவலகத்தில் தனி வரிசை இல்லாததால், வேறொரு மாடிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து இன்னொரு மாடி. கடைசியில் முத்திரை விழுந்தது, பெயரின் மேலேயே பாதி மறைகிற மாதிரி.

அதற்கப்புறம்தான் பெரிய அவமானம் காத்திருந்தது. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர் ஆங்கிலம் கற்பிக்க வேண்டுமானால் ஆங்கிலத் தேர்வு எழுதிச் சான்று கொடுக்க வேண்டும். எந்தத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்தே தலை நரைத்ததோ, அதே தேர்வு. தேர்வுக்கூடத்தில் அவளுடைய மாணவர்கள் இரண்டு பேர், அந்த வெல்டர் உட்பட, அவளைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொல்லி, மிஸ் மேற்பார்வைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக் காப்பியடிக்க முடியாதே என்று கவலைப்பட்டார்கள். பக்கத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்ததும் வெல்டரின் முகம் மறுபடியும் அதே பரிதாபத்துக்குப் போனது.

எழுதுவது, படிப்பது, கேட்பது எல்லாம் ஊதித் தள்ளினாள். பேச்சுத் தேர்வில், எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி ஓர் அட்டையை நீட்டினாள். நீங்கள் மிகவும் மதிக்கும் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள்.

இதற்கு மிஸ்ஸிடம் ஒரு வித்தை உண்டு. வருஷக்கணக்காக எல்லாருக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தாள். 'ஒரு மாமாவை உருவாக்கு. அவரை ஏழையாகப் பிறக்க வை. கஷ்டப்பட்டுப் படிக்க வை. ஊருக்கு உதவி செய்ய வை. நேரம் முடிந்துவிடும்.' அவள் புண்ணியத்தில் எத்தனையோ இல்லாத மாமாக்கள் அந்த அறையில் பிறந்து வளர்ந்து நல்லது செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. நானே மாமா கதை சொல்வதா? நிஜமாகவே மதிக்கிற ஒருவரைச் சொல்வோம் என்று யோசித்தாள். அக்ஸென்ட் வந்தார், போனார். அண்ணன் வந்தான், போனான். கல்லூரியில் குறிப்புகளைச் சொல்லச்சொல்ல எழுதவைத்த பேராசிரியர் வந்தார், அவருடைய உச்சரிப்பும் கூடவே வந்தது, இருவரும் போனார்கள். அப்பாவை நினைத்தாள். நல்ல மனிதர், ஆனால் வாயில்லாப் பூச்சி. வரிசையில் வந்த ஒவ்வொருவரையும் ஏதோ ஒரு பிழைக்காக அடித்துக்கொண்டே போனாள். பக்கம் காலியாகிவிட்டது.

யோசிக்கக் கொடுத்த நேரம் முடிந்தது. "இந்தக் கேள்வியே சரியில்லை" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். மதிப்பது என்றால் என்ன, மக்கள் எப்படிக் கண்டவரையெல்லாம் மதிக்கிறார்கள் என்று இலக்கண சுத்தமாக வெளுத்து வாங்கினாள். பெண்மணி நடுவில், "தயவுசெய்து தலைப்புக்கு வாருங்கள்" என்றாள். தலைப்புக்கு வர அவளிடம் ஆள் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஆங்கிலத்தில் வாயடைத்து நின்றாள்.

முடிவு வந்தபோது பேச்சில் அவளைவிட வெல்டருக்கு அதிக மதிப்பெண். அவர் ஒரு மாமாவை வைத்து ஜமாய்த்திருந்தார். இனிப்போடு வந்து, "எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்த மாமாதான் மிஸ்" என்று கைகூப்பினார். விசாவுக்கு அவளுடைய மதிப்பெண் போதும்தான். ஆனால் அக்ஸென்ட் விட்டுவைப்பாரா? "மிஸ், மூட்டைகிட்ட கொஞ்சம் ஸ்பீக்கிங் பிராக்டிஸ் பண்ணியிருக்கலாமே" என்றார். அந்தப் பெயர் அவர் காதுவரை போயிருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

போய் இறங்கும் இடத்தில் தங்க ஒரு முகவரி வேண்டும். நர்ஸைக் கூப்பிட்டாள். கேட்பதற்கு முன்பே, "என் வீட்டு முகவரியைப் போடுங்க மிஸ்" என்றாள் அவள். நன்றி சொல்லிப் பழக்கமில்லாத மிஸ், இத்தனை வருஷத்தில் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"அங்க உனக்கு வேலை எப்படிம்மா?"

"காலையில பெரியவங்களைக் குளிப்பாட்டணும், தூக்கி உக்கார வைக்கணும், ஊட்டணும். முதுகுதான் போயிடுச்சு. கூட ரெண்டு பொண்ணுங்க, ஒரே வீடு. குளியலறைக்கு வரிசை."

"உன் இங்கிலீஷ் அவங்களுக்குப் புரியுதா?"

"பாதிப் பேருக்குக் காது கேக்காது மிஸ். மீதிப் பேருக்கு இங்கிலீஷே தெரியாது. நான் 'ட்ரீ'ன்னாலும் ஒண்ணுதான், 'த்ரீ'ன்னாலும் ஒண்ணுதான்."

அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். மிஸ்ஸால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. அன்று வகுப்பே சிரித்தபோது இந்தப் பெண் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. கவனித்திருந்தால்தானே வரும்.

நேர்காணல் நாளும் வந்தது. தூதரக வளாகத்தில் எல்லாரும் அவரவர் கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி உதட்டுக்குள் பதில்களை உருப்போட்டுக்கொண்டிருந்தார்கள். விசா டாக்டரின் ஆட்களை மிஸ்ஸால் பார்த்தவுடனே பிரித்துச் சொல்ல முடிந்தது. எல்லார் முகத்திலும் ஒரே புரொஃபைல், ஒரே ஸ்ட்ராங். மனசுக்குள் ஒவ்வொருவரையும் கிழித்துத் தொங்கவிட்டபடி தன் முறைக்காகக் காத்திருந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த நாட்டுக்கார அதிகாரி. சின்னப் பெண். சளி பிடித்திருந்தது. காகிதங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து, ஆங்கிலத்தில், "லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட் யுவர் பிளான்" என்றாள்.

டிஸ்கஸ் அபவுட்!

மிஸ் தன் வாழ்நாளில் அதிகம் அடித்துத் திருத்திய பிழை அதுதான். 'பற்றி' என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, மறுபடி ஒரு 'அபவுட்' எதற்கு என்று கத்திக்கத்தியே அவளுக்குக் குரல் கட்டியிருக்கிறது. அந்த 'அபவுட்'டுக்காக அழுதுகொண்டு வெளியே போன மாணவிகள் உண்டு. இப்போது அது கண்ணாடியின் ஓட்டை வழியாக வந்து நேரே அவள் நெற்றியில் அடித்தது. நாக்கு நுனிவரை திருத்தம் வந்துவிட்டது.

அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கையில் முத்திரையோடு காத்திருந்தாள்.

"யெஸ் மேடம்" என்றாள் மிஸ். "ஐ வுட் லைக் டு டிஸ்கஸ் அபவுட் மை பிளான்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. சும்மா இருந்திருந்தாலாவது ஒரு மரியாதை மிஞ்சியிருக்கும். வாய் தானாக எதிராளியின் பிழைக்குப் பல்லக்குத் தூக்கிவிட்டது. மேலே என்னென்னவோ சொன்னாள். என்ன மாதிரிப் பள்ளிகள், என்ன மாதிரி வகுப்புகள், வேலை கிடைக்காவிட்டால் கட்டாயம் திரும்பிவிடுவேன். எல்லாம் பணிவாக, எல்லாம் புன்னகையோடு. விசா டாக்டரின் ஆட்களில் ஒருத்தியாக நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பெண் நிறைவாகத் தலையாட்டினாள்.

வெளியே வந்து மரத்தடியில் நின்று தண்ணீர் குடித்தாள். மூட்டையை என்ன பேச்சுப் பேசினோம், நர்ஸை என்ன சிரிப்புச் சிரித்தோம்! ஒரு முத்திரை கண்ணில் பட்டதும் இருபது வருஷ இலக்கணம் காலில் விழுந்துவிட்டதே! அவள் இதுவரை அலட்சியமாகப் பார்த்தவர்களின் வரிசையில் கடைசியாக வந்து நின்றவளை, அவள் கொஞ்சமும் தயவு இல்லாமல் பார்த்தாள். மற்றவர்களுக்குக் கொடுக்காத சலுகையைத் தனக்கு மட்டும் கொடுக்க அவளுக்குத் தெரியாது. அந்த ஒரு நேர்மை அவளிடம் இருந்தது.

விசா வந்தது. வந்ததும் ஊரே குணம் மாறியது. அண்ணன் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "தங்கச்சி ஃபாரின் போகுது. நான்தான் போன்னு சொன்னேன்" என்று பேச ஆரம்பித்தான். வேலை கிடைத்தா போகிறாள், தேடத்தான் போகிறாள் என்பதை வசதியாக விழுங்கிவிட்டான். விசா டாக்டர், எங்கிருந்தோ எண்ணைப் பிடித்து, சுவரில் மாட்ட ஒரு போட்டோ கேட்டார். அக்ஸென்ட் பூமாலையோடு வந்து, இன்னும் ஒரு வருஷம் இருந்தால் முன் ஹாலே தருவதாகச் சொன்னார்.

"முன் ஹாலை மூட்டையே வச்சுக்கட்டும் சார். பசங்க எழுதுறதைத் திருத்த ஆள் மட்டும் போடுங்க. பாவம், அவங்களும் பணம் கட்டித்தானே வர்றாங்க."

"யாரைப் போடுறது மிஸ்? உங்க அளவுக்கு யாருக்கு வரும்?"

இதைக் கேட்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தாள். இப்போது கேட்கும்போது, அந்தப் பூமாலையில் எறும்பு ஊர்வதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பகலில் கோடியறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, அண்ணி வந்து வாசல்படியில் தயங்கினாள். கையில் இன்ச் டேப்.

"ஒண்ணும் அவசரமில்ல... கட்டில் கடைக்காரர் இன்னிக்கே அளவு கேக்குறார். பொண்ணுங்க ரெண்டு பேரும் வளர்ந்துட்டாங்க. ஹால்ல படுத்துக்கிட்டுப் படிக்க முடியலைங்கிறாங்க."

நாலு சுடுசொல் தயாராகத்தான் இருந்தது. நான் போய்ச் சேருகிறவரை பொறுக்க முடியவில்லையா, ஒருவேளை வேலை கிடைக்காமல் திரும்பி வந்தால் வண்டி நிறுத்துகிற இடத்தில் படுப்பதா என்றெல்லாம் கேட்டிருக்கலாம். அண்ணியும் கேட்பாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டுதான் நின்றாள். இத்தனை வருஷம் காயை வேகவேகமாக நறுக்கியதெல்லாம், கேட்க முடியாமல் இருந்த இந்த ஓர் அறைக்காகத்தானோ என்னவோ.

மிஸ் பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். டேப்பின் ஒரு முனையை வாங்கிக்கொண்டு போய்ச் சுவரோடு வைத்து அழுத்திப் பிடித்தாள்.

"இழுங்க அண்ணி. ஜன்னல் பக்கம் தலைமாடு வேண்டாம், மழை பெஞ்சா சாரல் அடிக்கும்."